பைசன் திரும்பிவிட்டது, அதன் மேய்ச்சல் திரும்பியதா?

அமெரிக்கப் பைசன் அழியும் நிலையில் இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதுகிறார்கள். அதே அமெரிக்காவில் பைசன் பர்கர் விற்கிறது, கறி பாக்கெட் போட்டுக் கடையில் கிடைக்கிறது என்று இன்னொரு பக்கம் படம் போடுகிறார்கள். அழியப்போகும் விலங்கை அடித்துத் தின்கிறார்களே என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. மாட்டை விட்டுவிட்டுப் பைசனை வளர்த்தால் பூமி பிழைத்துவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் பைசனின் தலையை எண்ணுகிறது. அதன் காலடியில் இருக்கும் புல்லைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் எந்த விலங்கைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிவிடலாம். கொடைக்கானலிலோ குன்னூரிலோ "ரோட்டுல பைசன் நிக்குது" என்று சொன்னால் அது நம் காட்டுமாடு. அது வேறு இனம், மலைக்காட்டு விலங்கு. இந்தக் கட்டுரையில் வருவது வட அமெரிக்காவின் சமவெளிப் புல்லில் வாழும் பைசன். தோளுக்கு மேல் பெரிய திமில், முகத்தையும் முன்னங்கால்களையும் மூடிய அடர்ந்த முடி, பின்பக்கம் மட்டும் ஒட்டிப்போனது போன்ற இடுப்பு. நன்கு வளர்ந்த காளை 900 கிலோ வரை இருக்கும், பசு ஏறக்குறைய அதில் பாதி. அவ்வளவு எடையைச் சுமந்துகொண்டு மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடவும் செய்யும்.

கோடிகளில் இருந்து ஆயிரத்துக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் 3 கோடி முதல் 6 கோடி பைசன்கள் வரை இருந்திருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. 1889-ல் வில்லியம் ஹார்னடே என்ற விலங்கியலாளர் கணக்கெடுத்தபோது, காட்டில் திரிந்தவை, கூண்டில் இருந்தவை, கனடாவில் மிஞ்சியவை எல்லாம் சேர்த்து 1,091 தான் தேறின.

துப்பாக்கி மட்டுமே காரணம் என்றால் பாதிக் கதைதான். 1870-களின் தொடக்கத்தில், தடித்த பைசன் தோலைப் பதனிட்டு ஆலை இயந்திரங்களுக்கு பெல்ட் செய்யும் வழி கண்டுபிடித்தார்கள். அதுவரை கம்பளித் தோலுக்காக மட்டும் குளிர்காலத்தில் நடந்த வேட்டை, வருடம் முழுவதும் நடக்கும் தொழிலாக மாறியது. ரயில் பாதை புல்வெளிக்குள் வந்துவிட்டதால் தோலை ஏற்றி அனுப்புவதும் சுலபமாயிற்று. தெற்கு மந்தைகள் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தீர்ந்தன. வடக்கே 1883 வாக்கில் எல்லாம் முடிந்தது. பைசனை நம்பி உணவும் உடையும் கூடாரமும் வைத்திருந்த பழங்குடிகள் இதனால் பணிந்து, அரசு எல்லை வகுத்துக் கொடுத்த ஒதுக்கிடங்களுக்குள் போவார்கள் என்று அமெரிக்க ராணுவத்தில் பலர் வெளிப்படையாகவே மகிழ்ந்தார்கள். கடைசியில் வெளியெங்கும் கிடந்த எலும்பையும் பொறுக்கி உரத்துக்கும் சர்க்கரை ஆலைக்கும் ரயிலில் அனுப்பினார்கள்.

காப்பாற்றியவர்கள் கதையும் விசித்திரமானதுதான். ஹார்னடேயே 1886-ல் மொன்டானாவுக்குப் போனது, இனம் அழிவதற்குள் அருங்காட்சியகத்தில் பஞ்சடைத்து வைக்கச் சில பைசன்களைச் சுட்டுக் கொண்டுவருவதற்காக. அதே மனிதர் 1905-ல் அமெரிக்கப் பைசன் சங்கத்தைத் தொடங்கினார். 1907-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையிலிருந்து 15 பைசன்களை ரயில் ஏற்றி ஓக்லஹோமாவின் விச்சிட்டா மலைப் பகுதிக்கு அனுப்பினார்கள். இன்னொரு பக்கம் டெக்சாஸில் சார்லஸ் குட்நைட், மொன்டானாவில் மிஷேல் பாப்லோ போன்ற பண்ணைக்காரர்கள் சொந்தமாகச் சில மந்தைகளைக் காத்து வைத்திருந்தார்கள். யெல்லோஸ்டோன் பூங்காவில் இரண்டு டஜன் அளவுக்குக் காட்டு பைசன்கள் ஒளிந்து பிழைத்தன. இன்று இருக்கும் சமவெளிப் பைசன் எல்லாம் இந்தச் சொற்பத்தின் வாரிசுகள்.

இப்போது வட அமெரிக்கா முழுவதும் சுமார் 4 லட்சம் பைசன்கள் இருக்கின்றன. ஆனால் மிகப் பெரும்பாலானவை தனியார் பண்ணைகளில் கறிக்காக வளர்பவை. இயற்கையைக் காக்கும் நோக்கத்தோடு பராமரிக்கப்படும் சமவெளிப் பைசன்கள் ஏறத்தாழ 20,000 தான். ஆக, பர்கரில் வருவது பண்ணை விலங்கு. அதைத் தின்பதால் இனம் அழியாது. அதே சமயம் வேலி இல்லாமல், தன் இஷ்டத்துக்கு நடந்து மேயும் பைசன் இன்றும் அரிதான ஒன்றுதான். மேலே சொன்ன இரண்டு தரப்பும் ஒரே விலங்கின் இந்த இரண்டு வாழ்க்கைகளைத்தான் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகின்றன.

புல்லின் பக்கத்திலிருந்து பார்த்தால்

குளத்தங்கரையில் முளைக்குச்சி அடித்து மாட்டைக் கட்டிப்போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நாலு நாள் அதே இடத்தில் கட்டினால் என்ன ஆகும்? கயிறு எட்டும் தூரம் வரை வட்டமாகப் புல் அடியோடு போய், மண் தெரியும். அந்த வட்டத்துக்கு வெளியே வாய் படாத புல் இடுப்பளவு வளர்ந்து, முற்றி, காய்ந்து, தன் சருகாலேயே தன் புதுத் தளிரை மூடிக்கொள்ளும். உள்ளே மேய்ச்சல் அதிகமாகிக் கெட்டது, வெளியே மேய்ச்சலே இல்லாமல் கெட்டது. மாட்டை அன்றாடம் இடம் மாற்றிக் கட்டுகிற வீட்டில் இந்த இரண்டு கேடும் வருவதில்லை.

புல்லின் உடலமைப்பே இதற்குக் காரணம். பெரும்பாலான செடிகளுக்கு வளரும் குருத்து நுனியில் இருக்கும். கிள்ளிவிட்டால் அந்தக் கிளை நின்றுவிடும். புல்லுக்கு அது மண்ணை ஒட்டி அடியில் இருக்கும். மேலே கடித்தாலும் கீழிருந்து தள்ளிக்கொண்டு வரும். ஆனால் புது இலை விடக் கைமுதல் வேண்டும். மிச்சமுள்ள இலையும் வேரில் சேர்ந்திருப்பதும்தான் அந்த முதல். மறுபடி மறுபடி கடித்துக்கொண்டே இருந்தால் வேர் வளர்வது நின்றுவிடும். அடுத்த கோடையில் புல் திரும்பி வராது. ஒரு முறை கடி, பிறகு போதுமான ஓய்வு என்பதுதான் புல்லின் தேவை.

பிரெய்ரி என்பது வட அமெரிக்காவின் நடுவில், மரம் குறைந்து புல் நிறைந்த சமவெளி. மழை அதிகமான கிழக்குப் பக்கம் ஆள் உயரப் புல், மழை குறையக் குறைய மேற்கே கணுக்கால் உயரப் புல். உயரப்புல் பிரெய்ரியின் பேர்போன புல் வகைகளுக்கு வேர் இரண்டு மீட்டருக்கும் கீழே போகும். நாம் பார்க்கும் பச்சை அந்தத் தாவரத்தின் சின்னப் பாதி, பெரிய பாதி மண்ணுக்குள் இருக்கிறது. அந்த வேர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிச் செய்த கறுப்பு மண்தான் பிரெய்ரிக்கு எமனாகவும் வந்தது. உழவர்கள் விடுவார்களா? உயரப்புல் பிரெய்ரியில் இன்று மிஞ்சியிருப்பது சுமார் 4 சதவீதம். மற்றதெல்லாம் மக்காச்சோளமும் சோயாவும். கன்சாஸின் ஃபிளின்ட் மலைப் பகுதியில் நல்ல துண்டு ஒன்று தப்பியது என்றால், அங்கே மேல்மண்ணுக்குக் கீழே கல் இருந்து கலப்பையை விடவில்லை, அவ்வளவுதான்.

சுருக்கமாகச் சொன்னால்: புல் கடிபடவே உருவானது, ஆனால் கடிக்கும் வாய் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த நகரும் வாயாகப் பல்லாயிரம் ஆண்டு இருந்தது பைசன்.

பைசன் அங்கே என்ன வேலை செய்கிறது

கன்சாஸில் கொன்சா பிரெய்ரி என்று சுமார் 8,600 ஏக்கர் ஆய்வு நிலம் இருக்கிறது. 1987-ல் அங்கே பைசனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். விட்ட இடம், விடாத இடம், மாடு மேய்ந்த இடம் என்று பிரித்து ஆண்டுதோறும் செடிகளை எண்ணிக்கொண்டே வந்தார்கள். சுமார் முப்பது ஆண்டுக் கணக்கு 2022-ல் வெளியானது. பைசன் மேய்ந்த நிலப்பரப்பில், மேய்ச்சலே இல்லாத நிலத்தைவிட, மண்ணுக்குரிய தாவர இனங்கள் 86 சதவீதம் அதிகம். மாடு மேய்ந்த இடத்தில் அந்த உயர்வு 30 சதவீதம். நடுவில் 2011, 2012 ஆண்டுகளில் கடும் வறட்சி வந்தது. அப்போதும் பைசன் நிலத்தில் பெருகியிருந்த அந்தப் பன்மை குலையவில்லை.

ஒரு விலங்கு தின்றால் செடி வகை கூடுமா? கூடும், எதைத் தின்கிறது என்பதைப் பொறுத்து. பைசனின் தீனியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் புல்லும் கோரையும்தான். பூச்செடிகளை அது பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுப் போகும். பிரெய்ரியில் நாலைந்து உயரப்புல் வகைகள் ரவுடி மாதிரி. விட்டால் வெளிச்சம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். பைசன் அவற்றின் தலையைத் தட்டி வைப்பதால், அடியில் அமுங்கிக் கிடந்த நூற்றுக்கணக்கான சிறு செடிகளுக்கு வெயில் கிடைக்கிறது. பூ வருகிறது, பூவுக்குத் தேனீ வருகிறது.

இதில் நெருப்புக்கும் பங்கு உண்டு. மின்னல் வைத்த தீயோ, பழங்குடி மக்கள் வேண்டுமென்றே வைத்த தீயோ, ஓர் இடத்தின் காய்ந்த சருகை எரித்துத் தீர்க்கும். சில வாரத்தில் அங்கே இளம்பச்சை கிளம்பும். பைசன் மந்தை நேராக அங்கே போய்விடும், அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி மேயும். அதனால் அங்கே அடுத்த தீக்கு விறகு சேராது. மந்தை எட்டிப் பார்க்காத மற்ற பகுதியில் சருகு சேரும். அடுத்த தீ அங்கே பிடிக்கும். மந்தை அங்கே மாறும். தீயும் வாயும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு நிலம் முழுக்கச் சுற்றுகின்றன. விளைவு, ஒரு பக்கம் கட்டையாக, ஒரு பக்கம் அரை உயரமாக, ஒரு பக்கம் அடர்ந்து என்று திட்டுத்திட்டான புல்வெளி. பறவைகளுக்கு இது முக்கியம். சில வெட்டவெளியில்தான் இரை தேடும், சில அடர்புல்லில்தான் கூடு வைக்கும். ஓக்லஹோமாவில் சுமார் 39,000 ஏக்கர் உயரப்புல் காப்பிடத்தில் 1993-ல் 300 பைசன்களை விட்டபோது, இந்தத் திட்டுத் தீ முறையையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். இன்று அந்த மந்தை 2,000-ஐத் தாண்டியது.

எனக்கு மிகப் பிடித்தது புரள் குழி. பூச்சிக்கடிக்கும் உதிரும் முடிக்கும் அரிப்பெடுத்து, பைசன் முன்னங்காலை மடக்கி மண்ணில் சாயும். காலை உதைத்து ஒரு பக்கம் தேய்க்கும், எழும், மறுபக்கம் விழும். தூசி மந்தையையே மறைக்கும். ஒரே இடத்தில் பல விலங்குகள் பல காலம் புரளப் புரள, மூன்று முதல் ஐந்து மீட்டர் அகலத்தில் தட்டு போல ஒரு பள்ளம் விழும். அடிமண் மிதிபட்டு இறுகிப்போவதால் வசந்தகால மழைத் தண்ணீர் உடனே உறிஞ்சாமல் நிற்கும். சுற்றிலும் புல், நடுவில் ஒரு பிடித் தண்ணீர். தவளையும் தேரையும் அதில் முட்டையிடும், தலைப்பிரட்டைகள் நெளியும். தண்ணீர் வற்றினால் அந்த இறுகிய மண்ணுக்கென்றே சில செடிகள் வரும். பைசன் போய் நூறு ஆண்டு ஆன பிறகும் உழாத நிலத்தில் இந்தப் பள்ளங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன.

மூத்திரமும் சாணமும் உரமாவதைச் சொல்லத் தேவையில்லை. யெல்லோஸ்டோனில் இன்னொரு சங்கதி தெரியவந்தது. வசந்தத்தில் பனி உருகும்போது தளிர் கீழ்ப்பள்ளத்தாக்கில் தொடங்கி மேலே ஏறும். மான்கள் அந்தத் தளிர் அலையைப் பின்தொடரும். பைசன் மந்தையும் முதலில் அப்படித்தான் கிளம்புகிறது, ஆனால் நடுவில் நின்றுவிடுகிறது. 2019-ல் வெளியான ஆய்வு காரணத்தைக் காட்டியது: கூட்டமாக நின்று திரும்பத் திரும்ப மேய்ந்து, புல்லை முற்றவிடாமல் தளிராகவே வைத்துக்கொள்கிறது. வசந்தத்தைத் தானே நீட்டிக்கொள்கிறது என்று சொல்லலாம். இதற்கு ஆயிரக்கணக்கில் மந்தை வேண்டும், போக வர வழியும் வேண்டும். ஐம்பது பைசனும் நாலு பக்கம் வேலியும் இருந்தால் நடக்காது.

இப்படி, தன் எண்ணிக்கைக்கு மீறிய அளவில் சுற்றியுள்ள உயிர்களின் வாழ்வைத் தீர்மானிக்கும் விலங்கை ஆதார இனம் என்பார்கள். பைசன் இருக்கிறதா என்பதோடு, அது இந்த வேலைகளைச் செய்யும் நிலையில் இருக்கிறதா என்பதும் கேள்வி. நடந்து, தேர்ந்து மேய்ந்து, புரண்டு, பிறகு அங்கிருந்து போக வேண்டும்.

அதையே மாடு செய்யாதா?

நிறையச் செய்யும். நன்றாக நடத்தினால் மாட்டு மேய்ச்சலும் புல்வெளியைக் காக்கும். ஃபிளின்ட் மலைப் பகுதி இன்றும் புல்லாக இருப்பதற்கு மாட்டுப் பண்ணைகளும் ஒரு காரணம். கொன்சா கணக்கிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பைசன் வருடம் முழுவதும் நிலத்தில் இருந்தது, மாடு புல் வளரும் பருவத்தில் மட்டும். விலங்கின் குணம் எவ்வளவு, நடத்தும் முறை எவ்வளவு என்று முழுசாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

குண வித்தியாசம் உண்மையில் உண்டு. மாடு தண்ணீரையும் நிழலையும் விட்டு அதிகம் நகராது. ஓடைக்கரையை மிதித்தே சேறாக்கும். பைசன் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடும், வெட்டவெளியில் நிற்கும். குளிர்காலத்தில் திமிலுக்குள் இருக்கும் தசையின் பலத்தால் தலையை இடமும் வலமும் ஆட்டிப் பனியை ஒதுக்கி அடியில் இருக்கும் புல்லைத் தின்னும். அப்போது அதன் உடல் செலவும் குறைந்துவிடும், தீனியும் குறைவாகவே போதும். வைக்கோல் கட்டு, கொட்டகை, பிரசவம் பார்க்க ஆள் எதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. பண்ணைக்காரர்கள் இதை விரும்புவதற்குச் சூழல் அக்கறை மட்டும் காரணம் என்று நினைக்க வேண்டாம். செலவும் மிச்சம்.

ஆனால் பைசன் அசைபோடும் விலங்கு. மாட்டைப் போலவே மீத்தேன் வாயுவை ஏப்பமாக விடும். சின்ன வேலிக்குள் அதிகமாக அடைத்தால், குளத்தங்கரை மாட்டு வட்டத்தை இது இன்னும் பெரிதாகப் போட்டுக்காட்டும். "பைசன் என்றாலே பசுமை" என்பது விளம்பர வாசகம்.

நல்ல பண்ணை எப்படி இருக்கும்

இங்கே ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால் போதும்: தாங்குதிறன். ஒரு நிலம் தன் புல்லைக் கெடுத்துக்கொள்ளாமல் ஆண்டு முழுவதும் எத்தனை வாயைத் தாங்கும் என்பதே அது. மழைக்குத் தகுந்து ஆண்டுக்கு ஆண்டு அது மாறும். அமெரிக்க மேய்ச்சல்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு "பாதியை எடு, பாதியை விடு". இலையில் பாதி வரை போனால் வேர் வளர்ச்சி பெரிதாகத் தடைபடுவதில்லை, அதைத் தாண்டினால் வேர் நிற்கத் தொடங்கும் என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் காரணம். நல்ல பண்ணைக்காரர் வறட்சி முற்றும் வரை காத்திருக்க மாட்டார். மழை ஏமாற்றும் என்று தெரிந்ததுமே மந்தையைக் குறைப்பார்.

குறைப்பது என்றால் விற்பது அல்லது அறுப்பது. மென்மையாகச் சொல்ல வழியில்லை. ஓநாயும் கரடியும் இல்லாத வேலிக்குள் பைசன் மந்தை ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் பெருகும். நிலம் பெருகாது. தெற்கு டகோட்டாவின் கஸ்டர் மாநிலப் பூங்காவில் ஆண்டுதோறும் செப்டம்பர் கடைசியில் 1,000-க்கு மேற்பட்ட பைசன்களைக் குதிரையிலும் வண்டியிலும் ஓட்டிவந்து பட்டியில் அடைத்து, நிலம் தாங்கும் அளவை வைத்துக்கொண்டு மீதியை ஏலம் விடுகிறார்கள். பார்க்கத் திருவிழாக் கூட்டம். ஆனால் நடப்பது கணக்குத்தான். காப்பு மந்தையானாலும் கறி மந்தையானாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

இன்னொன்று: பைசன் பழக்கப்பட்ட கால்நடை கிடையாது. தடுப்பூசி போட ஒடுக்கமான கூண்டுக்குள் நிறுத்தினால் மிரண்டு தன்னையே முறித்துக்கொள்ளும். வேலி ஓராள் உயரம் வேண்டும். பட்டிச் சுவர் வெளியே பார்க்க முடியாதபடி அடைத்திருந்தால் நல்லது. கத்தாமல், துரத்தாமல், குறைவான ஆட்களோடு நகர்த்த வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் தொடாமல் இருப்பதே உத்தமம் என்பார்கள்.

கடையில் வாங்குகிறவர்கள் கவனிக்காத ஒன்று தீனி. பைசன் கறி என்று எழுதியிருந்தாலே புல் மட்டும் தின்றது என்று பொருளில்லை. பல பண்ணைகளில் கடைசிச் சில மாதம் மாட்டைப் போலவே அடைத்து வைத்துத் தானியம் போடுகிறார்கள். அமெரிக்காவில் பைசனுக்கு வளர்ச்சி ஹார்மோன் கொடுக்க அனுமதி இல்லை, அது உண்மை. ஆனால் தானியத் தீனியில் கொழுத்த விலங்கு எந்தப் புல்வெளிக்கும் வேலை செய்யவில்லை.

அப்புறம், யாரும் அதிகம் பேசாத சங்கதி காளைகள். காட்டில் ஜூலை, ஆகஸ்டில் காளைகள் மோதிப் பார்த்து, வென்றதுதான் பசுக்களோடு சேரும். கறிப் பண்ணையில் காளைக் கன்றுகளில் பெரும்பாலானவை இரண்டு, இரண்டரை வயதில் அறுப்புக்குப் போகின்றன. ஒரு சிலதை ஆள் பார்த்துத் தேர்ந்து நிறுத்துகிறார். எதைத் தேர்ந்தெடுப்பார்? முட்டாத, வேலியை உடைக்காத, சீக்கிரம் எடை போடும் காளையை. இருபது தலைமுறை இப்படியே போனால் பைசன் வேடத்தில் ஒரு மாடு கிடைக்கும். எனக்குப் பட்டவரை, பண்ணை வளர்ப்பின் மேல் வைக்கத்தக்க உண்மையான குறை மீத்தேனைவிட இதுதான். நல்ல பண்ணைகள் இதை உணர்ந்து காளைகளைக் கூடுதலாக விட்டுவைக்கின்றன. அதற்கு விலையாகக் கொஞ்சம் வருமானத்தை இழக்கின்றன.

ஆக, பண்ணை நல்லதா கெட்டதா என்பதை விலங்கின் பெயர் சொல்லாது. புல்லுக்கு ஓய்வு கிடைக்கிறதா, வறட்சியில் மந்தை குறைகிறதா, கடைசி மாதங்கள் எங்கே கழிகின்றன, காளைகள் எத்தனை என்று கேட்டால் தெரிந்துவிடும்.

திரும்ப விடுவதில் என்ன சிக்கல்

நூற்றுக்கும் குறைவான முன்னோரிலிருந்து பெருகிய இனம் என்பதால் முதல் கவலை ரத்த உறவு. சின்ன மந்தைக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்தால் மரபு வளம் தேய்ந்துபோகும். அதைத் தக்கவைக்க ஒரு மந்தைக்கு ஆயிரம் தலையாவது வேண்டும் என்கிறார்கள் மரபியலாளர்கள். பெரும்பாலான காப்பு மந்தைகள் அதைவிடச் சிறியவை. அதனால் மந்தைகளுக்கிடையே அவ்வப்போது விலங்குகளை மாற்றிக்கொள்கிறார்கள். குட்நைட் போன்றவர்கள் அந்தக் காலத்தில் பைசனையும் மாட்டையும் கலந்து புது இனம் உண்டாக்கப் பார்த்ததால், மாட்டின் மரபணுச் சுவடும் கலந்திருக்கிறது. எந்த மந்தையும் முழுத் தூய்மை இல்லை, யெல்லோஸ்டோன் உட்பட, என்று 2022-ல் வந்த ஆய்வு சொன்னது. சுவடு மிகச் சின்னது. இதற்காக ஒரு மந்தையைத் தள்ளி வைப்பது வீண் வேலை என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது நோய். புருசெல்லோசிஸ் என்பது சினைப் பசுவுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும் தொற்று. நம் கால்நடை மருத்துவர்கள் கன்றுவீச்சு நோய் என்பார்கள். ஐரோப்பியர் கொண்டுவந்த மாட்டிலிருந்துதான் யெல்லோஸ்டோன் பைசனுக்கு வந்தது. இப்போது அதைக் காட்டியே பைசனைப் பூங்கா எல்லைக்கு வெளியே விடக்கூடாது என்று மாட்டுப் பண்ணைக்காரர்கள் சொல்கிறார்கள். அந்தப் பகுதியில் மாடுகளுக்குத் தொற்றியதாக உறுதியான சம்பவங்கள் எல்க் மானிலிருந்து வந்தவை. ஆனாலும் எல்லை தாண்டும் பைசனுக்குத்தான் தடை. பூங்காவுக்குள் பெருகும் பைசன்களில் கணிசமானவை அறுப்புக்குப் போவதும் இதனால்தான்.

இதற்குள் ஒரு வழி திறந்திருக்கிறது. தொற்று இல்லாத விலங்குகளைப் பிரித்து, தனியாக அடைத்து, மாதக்கணக்கில், சிலவற்றை ஆண்டுக்கணக்கில், திரும்பத் திரும்ப ரத்தம் சோதித்து, சுத்தம் என்று உறுதியானதும் பழங்குடி நிலங்களுக்கு அனுப்புகிறார்கள். மொன்டானாவின் ஃபோர்ட் பெக் ஒதுக்கிடம் 2012-ல் முதல் தொகுதியை வாங்கியது. அங்கிருந்து மற்ற பழங்குடிகளுக்கும் போகிறது. 1992-ல் உருவான பழங்குடிகளுக்கிடையிலான பைசன் மன்றத்தில் இன்று 80-க்கு மேற்பட்ட பழங்குடிகள் இருக்கிறார்கள். தெற்கு டகோட்டாவில் ரோஸ்பட் சியூ மக்கள் 2020-ல் 28,000 ஏக்கரில் வொலகோட்டா மந்தையைத் தொடங்கினார்கள். இவர்களுக்கு இது வனவிலங்குத் திட்டம் மட்டும் கிடையாது. உணவு, சடங்கு, பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஒரு பாடம், ஊருக்கு வேலை எல்லாம் அதற்குள் இருக்கிறது.

பாப்லோவின் மந்தை நினைவிருக்கிறதா? அவர் விற்க முன்வந்தபோது அமெரிக்க அரசு வாங்கவில்லை. 1907 முதல் 1912 வரை சுமார் 700 பைசன்கள் கனடாவுக்குப் போயின. எல்க் தீவுப் பூங்காவில் வளர்ந்த அவற்றின் வாரிசுகளில் 80-க்கு மேற்பட்ட கன்றுகள் 2016-ல் மொன்டானாவின் பிளாக்ஃபீட் மக்களிடம் வந்து சேர்ந்தன. அதே பூங்காவிலிருந்து 2017-ல் 16 பைசன்கள் பான்ஃப் தேசியப் பூங்காவுக்குப் போயின. அந்த மந்தை இன்று மலைகளில் வேலியில்லாமல் மேய்கிறது. 2023-ல் பிளாக்ஃபீட் மக்களும் ஒரு சிறு மந்தையைச் சீஃப் மவுண்டன் என்ற மலையின் அடிவாரத்தில் வேலியின்றி விட்டார்கள்.

மூன்றாவது சிக்கல் நிலம், அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பைசன் கிடைப்பது கஷ்டமில்லை. பல்லாயிரம் ஏக்கர் தொடர்ச்சியாகக் கிடைப்பதுதான் கஷ்டம். சாலை, வேலி, கோதுமை வயல், பல பேர் பட்டா. ஒரு மாநிலத்தில் சட்டம் பைசனை வனவிலங்கு என்கிறது, பக்கத்து மாநிலத்தில் கால்நடை. மொன்டானாவில் பண்ணை பண்ணையாக விலைக்கு வாங்கிப் பெரிய புல்வெளிக் காப்பிடம் சேர்க்க, 2001-ல் தொடங்கிய முயற்சி ஒன்று நடக்கிறது. அக்கம்பக்கத்துப் பண்ணைக் குடும்பங்கள் எதிர்ப்புப் பலகை நட்டு வைத்திருக்கிறார்கள். அவர்களை வில்லனாகப் பார்ப்பது சுலபம். நாலு தலைமுறையாக இருந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் குறைகிறார்கள், விற்ற நிலம் திரும்பி வராது என்கிற பயம் அவர்களுடையது.

ஏற்கெனவே உழுதுவிட்ட நிலத்தில் பைசனை விட்டால் மட்டும் பிரெய்ரி வராது, இதையும் சொல்லியாக வேண்டும். மண்ணில் விதை இல்லையென்றால் எது முளைக்கும்? இல்லினாய் மாநிலத்தின் நச்சூசா புல்வெளியில் 1986-ல் வேலை தொடங்கியபோது, பாறைமேடுகளில் தப்பியிருந்த துண்டுகளைச் சுற்றி மக்காச்சோள வயல்கள்தான். தன்னார்வலர்கள் அந்தத் துண்டுகளிலிருந்து கையால் விதை பறித்து, காயவைத்து, கலந்து, வயல் வயலாகத் தூவினார்கள். களை பிடுங்கினார்கள், முறை வைத்துத் தீ வைத்தார்கள். பைசன் அங்கே கால் வைத்தது 2014-ல். அதற்கு முந்தைய 28 ஆண்டும் விதைக்கும் தீக்கும் களைக்குமே போயின.